கேரட்டின் குற்றம்

கார்த்திகை 3, புதன்

இந்த நோட்டு நானாக விரும்பி வாங்கியதல்ல. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் முகப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் டாக்டரம்மா, "தினமும் எத்தனை தடவை பண்ணீங்கன்னு எழுதிட்டு வாங்க, நான் பாப்பேன்" என்றார். எனவே டாக்டரம்மாவின் கவனத்திற்கு:

பலூன் ஊதுதல், இருபது. கன்னம் உப்புதல், இருபது. பா, பூ, மா சொல்லுதல், இருபது.

எனக்கு வந்திருப்பது பெரிய வியாதி ஒன்றும் இல்லை. போன வாரம் பழனியில் ஒரு கல்யாணம் முடித்துத் திரும்பும்போது வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். இடது பக்கம் காற்று அடித்தது. மறுநாள் காலையில் காபி குடித்தேன், பாதி சட்டையில் இறங்கியது. கண்ணாடியில் பார்த்தால் வாய் வலப்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்திருந்தது. இடது கண் மூட மாட்டேன் என்றது. முகவாதம் என்கிறார்கள். மூன்று வாரத்திலும் சரியாகலாம், மூன்று மாதமும் ஆகலாம், சிலருக்குக் கொஞ்சம் தங்கியும் விடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். கடைசியாகச் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

பெயர் மயில்வாகனன். தொழில் கிளாரினெட். மணிமுரசு பேண்டு வாத்தியக் குழு, ஒட்டன்சத்திரம். இருபத்தாறு வருடமாக முதல் வரிசை.

கார்த்திகை 4, வியாழன்

பலூன், இருபது. (பத்து.)

எங்கள் பேண்டில் ஒரு வழக்கம் உண்டு. பொங்கல் கழிந்து வரும் முதல் ஞாயிறு கோட்டு நாள். முதலாளி தண்டாயுதம் அண்ணன் ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். ஒவ்வொருவரும் எதிரே நின்று மாப்பிள்ளை ஊர்வல மெட்டை ஒரு சுற்று, நடுவில் நிறுத்தாமல், ஊதிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு புதுக் கோட்டு. சிவப்புத் துணி, தோளில் பொன்னிறக் குஞ்சம், பைக்கு மேல் மஞ்சள் நூலில் பெயர். கோட்டு வாங்கியவனுக்கு அந்த வருடம் முழுக்க வேலை. வாங்காதவன் மண்டியில் மூட்டை தூக்கப் போகலாம். போன வருடம் டிரம்பெட் பக்கிரிசாமிக்கு முன் பல் இரண்டு விழுந்துவிட்டது. கோட்டு இல்லை. இப்போது தக்காளிப் பெட்டிக்கு ஆணி அடிக்கிறார். நல்ல மனிதர். அவர் இருக்கும் தெரு வழியாக நான் போவதில்லை.

கோட்டு நாளுக்கு இன்னும் ஐம்பத்தொன்பது நாள் இருக்கிறது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, யாரும் என்னைத் தேட மாட்டார்கள். கார்த்திகையில் மூன்று முகூர்த்தம் இருப்பதுதான் இடிக்கிறது. தண்டாயுதம் அண்ணன் கண்ணில் இந்த வாயோடு பட்டேன் என்றால் ஆணியும் சுத்தியலும்தான்.

கார்த்திகை 5, வெள்ளி

ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டேன்.

இதைவிட நல்ல யோசனை யாருக்கும் வராது. தாடி வளர்க்கலாம், வாய் மறையும். கறுப்புத் துண்டைக் கழுத்தோடு சுற்றி மூக்கு வரை இழுத்துக்கொள்ளலாம், பனி என்று நினைப்பார்கள். அதிகம் பேச வேண்டியதில்லை. "சாமி சரணம்" என்று சொன்னால் யாரும் அதற்கு மேல் கேள்வி கேட்பதில்லை. மாலை போட்டுவிட்டவர் நாச்சிமுத்து குருசாமி. பதினெட்டு வருடம் மலைக்குப் போனவர், காய்கறி மண்டி முதலாளி. என் மனைவி ஜெயக்கொடி அவர் மண்டியில்தான் கேரட் தரம் பிரிக்கிறாள்.

தண்டாயுதம் அண்ணனுக்கு போனில் சொன்னேன். மலைக்குப் போய் வரும்வரை வாத்தியத்தைத் தொடுவதில்லை என்று வேண்டுதல் என்றேன்.

"இருபத்தாறு வருஷத்துல நீ ஒரு சூடம் கொளுத்தி நான் பாத்ததில்லையேடா மயிலு" என்றார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார் போலிருக்கிறது. "சரிங்க சாமி, நல்லபடியா போயிட்டு வாங்க."

ஜெயக்கொடிக்குத்தான் பிடிக்கவில்லை. "பொய்க்கு மாலை போட்டா சாமி சும்மா விடுமாங்க?"

"சாமிக்கு ஆயிரம் வேலை" என்றேன்.

கார்த்திகை 6, சனி

காலை நாலரை மணிக்குப் பச்சைத் தண்ணீர்க் குளியல். சாயந்தரம் இன்னொன்று. முகத்தில் குளிர்ந்த காற்றுகூடப் படக்கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. ஆகவே தலைக்குத் தண்ணீர், முகத்துக்கு மஃப்ளர். செருப்பும் போடக்கூடாதாம். இதெல்லாம் மாலை போடுவதற்கு முன்னால் யாராவது சொல்லியிருக்கலாம்.

கார்த்திகை 8, திங்கள்

பலூன், இரண்டு. இரண்டாவது பலூன் வெடித்தது.

எத்தனையோ மாப்பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி ஊதி அழைத்து வந்தவன், வீட்டுக்குள் மூலையில் உட்கார்ந்து பிறந்தநாள் பலூன் ஊதுவது என்னால் முடியாது. பலூனை எடுத்துக்கூடப் பார்க்க மாட்டேன் என்று ஜெயக்கொடியிடம் சொல்லிவிட்டேன். கிளாரினெட்டை எடுக்கலாம் என்றால், ஊதினால் தெருவுக்கே கேட்கும். வேண்டுதல் என்ன ஆயிற்று என்பார்கள்.

சமையலறையில் ஜெயக்கொடி மண்டியிலிருந்து கொண்டுவந்த கழிவுக் கேரட் ஒரு மூட்டை கிடந்தது. இரண்டு கால் முளைத்தது, வால் முறுக்கியது, இப்படித் தரத்தில் தேறாதவை. ஒன்று மட்டும் நல்ல தடிமனாக, நேராக இருந்தது. எதிர் எலெக்ட்ரிக் கடையில் டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கி, நடுவில் துளை போட்டு, ஒரு முனையை அடைத்து, ஊதுவதற்கு ஒன்று, விரலுக்கு ஆறு என்று குடைந்தேன். காது எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது, இடைவெளி கணக்கு தெரியும். புல்லாங்குழல் தயார். பலூனும் காற்றுதான், குழலும் காற்றுதான். டாக்டரம்மா ஒப்புக்கொள்வார்.

சத்தம் வரவில்லை. காற்று மட்டும் போனது. அதுவும் இடது பக்கமாகப் போனது.

கேரட் சரியில்லை. பழசு.

கார்த்திகை 11, வியாழன்

முள்ளங்கி. குடைவது சுலபம், வெண்ணெய் மாதிரி. ஆனால் உள்ளே பூராவும் தண்ணீர். ஊதினால் மூக்கு ஒழுகுகிற பிள்ளை மாதிரி சொட்டுகிறது. தொழிலுக்கு லாயக்கில்லாத காய். சத்தம் வராததில் ஆச்சரியமே இல்லை.

கார்த்திகை 13, சனி

பீட்ரூட்டில் உருண்டையாக ஒரு ஊதல் செய்தேன். சத்தம் இல்லை. கதவைத் தட்டும் ஓசை கேட்டுத் திறந்தால் நாச்சிமுத்து குருசாமி. என் வாயைப் பார்த்தார். அப்புறம் நெற்றி விபூதியைப் பார்த்தார். மறுபடி வாயைப் பார்த்தார். உதட்டுச் சாயம் பூசிய கன்னிசாமியை அவர் பதினெட்டு வருடத்தில் பார்த்திருக்க மாட்டார்.

"பீட்ரூட் பொரியல், சாமி" என்றேன்.

"பாத்துங்க சாமி. வெரதத்துல வெத்தல பாக்குகூட ஆகாதுங்க."

கார்த்திகை 16, செவ்வாய்

சேனைக்கிழங்கு. இதைப் பற்றி எழுதப்போவதில்லை.

சரி, எழுதுகிறேன். சேனையில் செய்தால் சத்தம் கனமாக வரும் என்று கணக்குப் போட்டேன். பச்சைச் சேனையை உதட்டில் வைத்துப் பத்து நிமிடம் ஊதியிருக்கிறேன். அரிப்பு தாங்கவில்லை. இரண்டு உதடும் வீங்கி இட்லி ஆகிவிட்டன. கண்ணாடியில் பார்த்தேன். மூன்று வாரத்துக்குப் பிறகு வாய் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தது.

கார்த்திகை 17, புதன்

புளித்தண்ணீர், ஆறு டம்ளர்.

கார்த்திகை 20, சனி

ஜெயக்கொடி இன்று மண்டியிலிருந்து தரமான ஊட்டிக் கேரட்டே எட்டு கொண்டுவந்தாள். கழிவில் வராதது. கேட்டு வாங்கினாளாம். எட்டையும் குடைந்தேன். எட்டிலும் சத்தம் வரவில்லை. ஊட்டி மண்ணே கெட்டுப்போய்விட்டது என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒன்றை எடுத்து, இப்படி அப்படித் திருப்பிப் பார்த்து, உதட்டில் வைத்தாள்.

வந்தது. சுத்தமான, உருண்டையான ஓசை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எங்களுக்குத் தெரியவில்லை. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அடுத்ததை எடுத்தாள், அதுவும் பேசியது. எட்டும் பேசின.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொல்லுவாங்க" என்றாள். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோணல்னு நான் அதச் சொல்லலீங்க" என்றாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் முகத்தைச் சுளித்தால் ஒரு பக்கம் மட்டும்தான் சுளிக்கிறது.

சில கேரட்டுகள் பெண்கள் ஊதினால்தான் பேசும் போலிருக்கிறது.

கார்த்திகை 24, புதன்

டாக்டரம்மா நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். படிக்கும்போது இரண்டு தடவை எழுந்து வெளியே போய்விட்டு வந்தார். கண் தேறியிருக்கிறது, உதடு அப்படியே இருக்கிறது என்றார். பச்சைத் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். "அந்தப் பொய்ய நிறுத்துனா தண்ணியும் நின்னுரும்ல சார்" என்றார். கீழே காண்பது அவர் கையெழுத்து:

*பலூன்தான் ஊத வேண்டும். சேனை கூடாது.*

இனி அவருக்கு வேறு நோட்டு கொடுக்கப்போகிறேன். இது என்னிடமே இருக்கட்டும்.

மார்கழி 2, புதன்

நாய் வேடம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்பார்கள். சாமி வேடத்துக்கும் அதே சட்டம்தான்.

நாச்சிமுத்து குருசாமி வந்தார். பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை அவர் வீட்டில் பஜனை. "சாமி, நீங்க ரெண்டு பாட்டுக்கு கிளாரினெட் வாசிச்சுக் குடுத்துப் போடுங்க. ஐயப்பனுக்கு வாசிக்கறதுக்கு வேண்டுதல் குறுக்க நிக்காதுங்க."

நான் ஒரு நொடியும் தாமதிக்காமல் சொன்னேன்: "கிளாரினெட் எச்சில் சாமி. ரீடுன்னு ஒரு நாணல் பட்டை, அத வாயில ஊறவச்சுத்தான் வாசிக்கணும். வருஷக்கணக்குல எச்சில் பட்ட வாத்தியத்த வெரதத்துல சாமி முன்னால வைக்கறது பாவம்."

அவர் அப்படியே அசந்துபோனார். "அடடா, இத்தன வருசத்துல எனக்கே தோணலீங்களே" என்றார். எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது. அப்போது அவர் பார்வை தட்டில் ஈரத்துணிக்குள் இருந்த கேரட்டுகள் மேல் போயிற்று.

"இதான் அந்தக் குழலுங்களா? அம்மணி மண்டியில சொல்லுச்சு. சாமி, இது தினம் புதுசாச் செதுக்கறதுதானுங்களே? இதுல எச்சிலே இல்லீங்களே!"

நான் துணியை இழுத்துக் கேரட்டை மூடினேன். பிரயோஜனம் இல்லை. பன்னிரண்டாம் தேதி கேரட் குழல் பஜனை. தண்டாயுதம் அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறாராம்.

அவர் போன பிறகு ஜெயக்கொடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவள் என் கிளாரினெட்டை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தாள். "எச்சில் பண்ணாதே, கீழ வை" என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருப்பேன். என் அம்மா, தம்பி, எல்லாரும் இருந்தார்கள். அது இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய விஷயம். இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை.

மார்கழி 6, ஞாயிறு

கேரட்டைப் பற்றி இப்போது எனக்குத் தெரிந்ததை வேறு யாரும் தெரிந்து வைத்திருக்க மாட்டார்கள். காலையில் குடைந்தது மத்தியானம் சுருதி நகர்ந்துவிடும். மாலையில் வளையும். மறுநாள் சாம்பாருக்குத்தான் ஆகும். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் நாலு மணி நேரம் தாங்கும். தலைப் பக்கம் ஊதினால் ஒரு குரல், வால் பக்கம் ஊதினால் வேறு குரல்.

குழல்களைச் சோதிக்க ஜெயக்கொடியிடம் கொடுக்கிறேன். சோதிக்க மட்டும்தான். எந்த விரலை எங்கே எடுப்பது என்று காட்டினேன்.

மார்கழி 8, செவ்வாய்

இன்று அவளுக்குப் பஜனைப் பாட்டு மெட்டைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன், கோயில் திருவிழாக்களில் நாங்கள் ஊதுவது. முதல் அடியைப் பாடினேன். இரண்டாம் அடியை அவளே ஊதினாள். மூன்றாம் அடியில் நான் ஓர் இடத்தை விட்டுவிட்டேனாம். "அங்க ஒரு சின்ன வளைவு வருமே, நீங்க எப்பவும் போடுவீங்களே" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்திரண்டு வருஷமா நீங்க இங்க உக்காந்து பழகறீங்க. நான் அங்க உக்காந்து வெங்காயம் உரிக்கறேன். காதையும் சேத்தா உரிச்சுப் போட்டேன்?"

நல்ல பதில். எழுதி வைக்கிறேன்.

பலூன், பத்து. (பத்தேதான்.)

மார்கழி 12, சனி

இன்று பஜனையில் நன்றாக வாசித்தேன்.

நாச்சிமுத்து குருசாமி வீட்டுக் கூடத்தில் அறுபது பேர் இருக்கும். நான் உள்ளறைக் கதவை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். காற்றாடிக் காற்றில் கேரட் காய்ந்துவிடும் என்று காரணம் சொன்னேன், அது உண்மையும்தான். கதவில் திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஜெயக்கொடி, ஈரத்துணியில் ஒன்பது கேரட்டோடு, எடுத்துக் கொடுப்பதற்காக. தண்டாயுதம் அண்ணன் எதிர்வரிசையில்.

"துண்ட எடுத்துட்டு வாசிச்சா இன்னும் நல்லாக் கேக்குமே சாமி" என்றார்.

"பனி, அண்ணே" என்றேன்.

குழலைத் துண்டுக்குள் உதட்டில் வைத்துக் கண்ணை மூடினேன். இரண்டு பாட்டு. ஓர் இடத்திலும் பிசகவில்லை. அந்தச் சின்ன வளைவு வந்தபோது கூடத்தில் யாரோ "ஆகா" என்றார்கள். நடுவில் எனக்கு ஒரு தும்மல் வந்தது. தும்மும்போதும் பாட்டு நிற்கவில்லை. பக்தி என்றால் அப்படி.

முடிந்ததும் தண்டாயுதம் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நாச்சிமுத்து குருசாமி அங்கேயே அறிவித்துவிட்டார்: தையில் அவர் மகள் கல்யாணம், ஊர்வலத்தில் மணிமுரசு பேண்டு, முன்னால் கேரட் குழல், வாசிப்பது மயில்வாகன சாமி.

சுண்டல் கொடுத்தார்கள். ஜெயக்கொடியின் உதடு சிவந்து தடித்திருந்தது. என் குழல் காய்ந்தே இருந்தது.

மார்கழி 13, ஞாயிறு

இன்று வீட்டில் பேச்சு குறைவு. ரசம் மட்டும்.

மார்கழி 14, திங்கள்

ஜெயக்கொடி மண்டியிலிருந்து வந்து சொன்னாள்: "உங்க வீட்டுக்காரர் என்னமா ஊதினாருன்னு எல்லாப் பொம்பளைகளும் கேட்டாங்க. ஆமான்னேன்."

பிறகு, "எனக்கும் நல்லா இருந்துச்சு" என்றாள். எது என்று நான் கேட்கவில்லை.

பலூன், நாற்பது. உதட்டின் இடது ஓரம் ஓர் அரிசி அளவு அசைகிறது. ஓர் அரிசி போதாது.

மார்கழி 23, புதன்

மலையிலிருந்து திரும்பினேன். பொய்யாகப் போட்ட மாலையோடு உண்மையான மலையை ஏற வேண்டியிருந்தது. முழங்கால் பொய் சொல்லவில்லை. பதினெட்டாம் படி தாண்டி, சன்னிதியில், கூட்டம் தள்ளிய இரண்டு நொடியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுகை வந்தது. அவரிடம் சொல்வது சுலபம். ஒட்டன்சத்திரத்தில் யாருக்கும் சொல்ல மாட்டார்.

மாலையைக் கழற்றி, தாடியை எடுத்தாயிற்று. கண்ணாடியில் முகம் முன்பைவிடப் பரவாயில்லை. பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஊதினால்தான் தெரியும்.

தை 1, வியாழன்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. தண்டாயுதம் அண்ணன் வாழ்த்துச் சொல்ல போன் செய்தார். "உன் கோட்டு தச்சு, பேரும் தச்சு வந்தாச்சு. மத்தவனுக்கெல்லாம் ஊதுனதுக்கு அப்புறம்தான் பேரு தைக்கவே குடுப்பேன். உனக்கு அன்னைக்குக் கேட்டதே போதும்டா" என்றார்.

சர்க்கரைப் பொங்கலை அப்படியே மூடி வைத்தேன்.

தை 3, சனி

மத்தியானம் தெருவில் ஆள் இல்லாத நேரம் கிளாரினெட்டை எடுத்தேன். இரண்டு மாதத்தில் முதல் தடவை. நாலு ஸ்வரம் வரை வருகிறது. ஐந்தாவதில் இடது ஓரம் திறந்துகொண்டு காற்று போய்விடுகிறது. முப்பது தடவை முயன்றேன். முப்பது தடவையும் ஐந்தாவதில்.

ஜெயக்கொடி வாசலில் உட்கார்ந்து நாளைக்கு நாச்சிமுத்து குருசாமிக்குக் காட்ட வேண்டிய கேரட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். "ரீடு மாத்திப் பாருங்களேன்" என்றாள். என்னை நானே ஏமாற்றிக்கொள்ள ஒரு சாக்கு எடுத்துக் கொடுக்கிறாள். அது என்னைக் குத்தியது.

தை 4, ஞாயிறு

கோட்டு நாள்.

ஆபீஸ் வாசலில் பதினான்கு பேரும் நின்றோம். குடும்பங்களும் வந்திருந்தன, சாப்பாடு உண்டு. கல்யாண ஊர்வலம் பேச வந்த நாச்சிமுத்து முதலாளி தண்டாயுதம் அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில். ஜெயக்கொடி ஈரத்துணி மூட்டையோடு பெண்கள் பக்கம். அடுக்கியிருந்த சிவப்புக் கோட்டுகளுக்கு மேலே என் கோட்டு தெரிந்தது. மஞ்சள் நூலில் மயில்வாகனன்.

"மயிலு, நீ சும்மா பேருக்கு ஊது" என்றார் அண்ணன்.

ஊதினேன். நாலு ஸ்வரம். ஐந்தாவதில் புஸ் என்று போயிற்று.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் சட்டைப்பையிலிருந்து புது ரீடு ஒன்றை எடுத்து நீட்டினார். "ரீடு போயிருக்கும்டா. இத மாட்டு." மற்ற பதிமூன்று பேரும் தலையாட்டினார்கள். ஆமாம், ரீடுதான். மார்கழிப் பனியில் ரீடு இப்படித்தான் ஆகும். அத்தனை பேரும் எனக்காக அந்தப் பொய்யைச் சொல்லத் தயாராக நின்றார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினால் போதும். கல்யாணத்தன்றைக்கு எங்காவது ஒரு திரை கிடைக்காமலா போகும்?

ஜெயக்கொடியைப் பார்த்தேன். அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரீடு நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்றேன். "எனக்கு வாய்தான் போச்சு. ரெண்டு மாசம் ஆச்சு. முகவாதம். மாலை போட்டதும் அத மறைக்கத்தான்."

நாச்சிமுத்து முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். தண்டாயுதம் அண்ணன் மட்டும் அசையவில்லை.

"அப்பறம் பஜனையில ஊதுனது யாரு? ஐயப்பனா?"

"இவ" என்றேன். "திரைக்குப் பின்னால. நான் குடைஞ்சேன், அவ்வளவுதான். அந்த வளைவு, நீங்க கண்ணு கலங்குனீங்களே, அது இவ ஊதுனது."

அண்ணன் ஜெயக்கொடியைப் பார்த்து, "ஏம்மா, நெசமா?" என்றார். அவள் மூட்டையைப் பிரித்து ஒரு கேரட்டை எடுத்தாள். முதல் ஊதலில் பிசிறியது. பிறகு மாப்பிள்ளை ஊர்வல மெட்டு, ஒரு சுற்று, நடுவில் நிறுத்தாமல். தெருவில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று கேட்டார். நான் இருபத்தாறு வருடம் ஊதிய மெட்டை முதல் தடவை வெளியே நின்று கேட்டேன். நன்றாக இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நாச்சிமுத்து முதலாளி வெகுநேரம் என்னைப் பார்த்தார். "சாமிகிட்டப் பொய் சொல்லிப்போட்டீங்களே" என்றார். அப்புறம் தண்டாயுதம் அண்ணன் பக்கம் திரும்பி, "கல்யாணத்துக்கு அம்மணிதான் ஊதோணும். திரையெல்லாம் வேண்டாம், முன்னால நடந்துதான்" என்றார்.

அண்ணன் என் கோட்டைக் கையில் எடுத்தார். எனக்கு ஒரு நொடி, ஒரே நொடி, ஆசை வந்தது. அவர் என்னைத் தாண்டிப் போய் அதை ஜெயக்கொடியிடம் கொடுத்தார். "கோட்டு ஊதறவங்களுக்குத்தாம்மா. இது எங்கப்பா காலத்துச் சட்டம்." என்னிடம், "நீ குழல் செதுக்கிக் குடு. வாய் வந்தா அடுத்த வருஷம் வந்து நில்லு. வரலைன்னா அப்பப் பேசுவோம்" என்றார்.

நான் இத்தனை நாள் போகாமல் இருந்த தெருவின் முனைக்குப் போய் அழுதேன். பக்கிரிசாமி ஆணி அடிக்கும் கடை அங்கேதான் இருக்கிறது. நான் உட்காருவதற்கு அவர் ஒரு தக்காளிப் பெட்டியைத் தள்ளினார்.

தை 6, செவ்வாய்

தையல்காரரிடம் கோட்டைக் கொடுப்பதற்கு முன் பெயரை நானே பிரித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவர் கையால் பிரிப்பதைப் பார்க்க வேண்டாம் என்றிருந்தது. ஏழு எழுத்து. ஊசியால் ஒவ்வொரு தையலாகத் தூக்கி எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நல்ல உறுதியான தையல். நூல் போன பிறகும் துணியில் துளை தெரிகிறது, கிட்டே பார்த்தால் படிக்கலாம்.

ஜெயக்கொடி மண்டியிலிருந்து வந்தாள். "எதுக்குங்க பிரிச்சீங்க? அதுபாட்டுக்கு இருந்திருக்குமே. யாரு படிக்கப் போறாங்க" என்றாள்.

"ஊதறவ பேருதான் இருக்கணும்" என்றேன்.

அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். தோள் இறங்கியது, கை விரல்நுனி வரை மூடியது. நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். கையை நீட்டினாள். மூன்று அங்குலம் குறைக்க வேண்டும். குனிந்து குண்டூசி குத்திக்கொண்டே சொன்னேன்: "அன்னைக்கு எல்லார் முன்னாலயும் எச்சில்னு சொன்னேன்ல. அது தப்பு."

நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.

"இதச் சொல்றதுக்கு" என்றாள், "உங்க வாய் கோணிப்போகணுமா?"